படத்தில் வேண்டாத பொருள்

புகைப்படத்தில் உள்ளது உள்ளபடியே இருத்தல் வேண்டும் என்று எக்காலத்திலாவது நம்மவர் விரும்பியதுண்டா? நான் அறிந்தவரை இல்லை. கலியாணப் பேச்சுக்கென அனுப்பப்படும் படத்தில் முகப்பருவும் அம்மைத் தழும்பும் இடம்பெற்றதாகக் கேள்விப்பட்டதேயில்லை. அந்நாளைய ஸ்ரூடியோக்களில், சாய்வான கண்ணாடி மேசையின் முன்னே ஒருவர் குனிந்தபடி இருப்பார். ஊசிபோலச் சீவிய பென்சிலால் நெகற்றிவின் மீது புள்ளி புள்ளியாகத் தொட்டுக்கொண்டிருப்பார். நெகற்றிவில் கருமை ஏறிய இடம் அச்சிட்ட படத்தில் வெளுத்துத் தோன்றுமாதலால், முகச் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக மறையும். ஐம்பது வயது மாமிக்கு முப்பத்தைந்து வயதாகிவிடும். பின்னணியில் வேண்டாத பொருள் இருந்தால், அதன்மேல் சிவப்பு மையைப் பூசுவார். அவ்விடம் படத்தில் வெறும் வெள்ளையாக வரும். அழித்தது எவர் கண்ணுக்கும் தெரியும். அவ்வளவில் அது நேர்மையான வேலையே.

இன்று அவருடைய தொழிலைக் கைத்தொலைபேசி ஏற்றுக்கொண்டது. போட்டோசொப் என்னும் கணினிச் செயலி 1990ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. நீக்கிய இடத்தைச் சுற்றுப்புறத்தைப் பார்த்துத் தானே நிரப்பும் வசதி அதில் 2010இற் சேர்ந்தது. 2021இல் கூகிள் நிறுவனம் தன் பிக்சல் தொலைபேசியில் ‘மஜிக் இரேசர்’ என்ற அழிப்பானை வைத்தது. 2024இல் அப்பிள் தொலைபேசிக்கும் அதையொத்த வசதி கிடைத்தது. விரலால் ஒரு வட்டமிட்டால் போதும். மறுகணம் அங்கே ஆளில்லை. வெள்ளைத் திட்டும் இல்லை. சுவர் இருந்தால் சுவர் தொடர்கிறது, மணல் இருந்தால் மணல் தொடர்கிறது.

இது எவ்வாறு நிகழ்கிறது? பொருளுக்குப் பின்னால் உண்மையில் என்ன இருந்ததென்பது இயந்திரத்துக்குத் தெரியாது. கமராவின் கண்ணுக்கு எட்டாததை அது எங்கிருந்து கொண்டுவரும்? எண்ணிறந்த படங்களில் ஒரு பகுதியை மறைத்து, மறைந்ததை ஊகித்து நிரப்பும்படி அதனைப் பழக்கியிருக்கிறார்கள். அப்பழக்கத்தைக் கொண்டு, இவ்விடத்தில் இன்னது இருந்தால் பொருந்தும் என்று அது வரைந்து வைக்கிறது. ஆகவே, அழிப்பான் என்ற பெயரே சற்றுப் பிசகு. அழிப்பது அதன் செயலிற் பாதி, மறுபாதி கற்பனை.

இக்கருவியை நான் வெறுப்பவன் அல்லன். நல்லூர்த் தேரன்று குழந்தையை நிறுத்திப் படம் பிடித்தால், பின்னால் ஐஸ்கிறீம் வண்டியும் முன்பின் அறியாத நால்வரின் முதுகும் விழத்தான் செய்யும். அவற்றை நீக்குவதால் ஒருவருக்கும் நட்டமில்லை. பூஞ்சணம் பிடித்து வெடித்த பழம் படத்தைச் செப்பனிடுவதற்கு இதைவிட நல்ல துணை வேறில்லை. என் கவலை ‘வேண்டாத’ என்ற சொல்லைப் பற்றியது. யாருக்கு வேண்டாதது? எப்போது வேண்டாதது?

எங்கள் வீட்டில் 1963ஆம் ஆண்டு பெரியம்மாவின் கலியாணத்தன்று எடுத்த படம் ஒன்று உண்டு. 1995 ஐப்பசி இடப்பெயர்வில் அல்பங்கள் எல்லாம் போயின. இது மலாயாவிலிருந்த உறவினருக்கு முன்னரே அனுப்பிய பிரதியாதலாற் தப்பியது. முற்றத்தில் மணமக்களும் உற்றாரும் அமர்ந்திருக்கிறார்கள். இடப்பக்க ஓரத்தில் சாய்த்துவைத்த சயிக்கிள் ஒன்று. அதன் அருகே, படத்துக்கு வெளியே நிற்கும் யாரோ ஒருவரின் முழங்கை வரையான கை, பன்னீர்ச் செம்புடன் உள்ளே நீண்டிருக்கிறது. என் தம்பியின் மகன் இதனைச் செப்பனிட்டுச் சட்டம் போட்டுத் தர விரும்பினான். கீறல்களைப் போக்கினான், மங்கிய முகங்களைத் தெளிவாக்கினான், சயிக்கிளையும் அந்தக் கையையும் நீக்கினான். அழகாகவே இருந்தது. அவ்விடத்தில் கிடுகு வேலி ஓலைக்கு ஓலை பிசகாமல் நீண்டு கிடந்தது.

பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “இதிலே வேலி இல்லை ராசா. படலையல்லோ இருந்தது” என்றார்.

அந்தப் படலையடியில் நின்று, வந்தோரைப் பன்னீர் தெளித்து வரவேற்றவர் அவருடைய தம்பி, என் மாமா. அன்று அவருக்கு உட்கார நேரமில்லை. 1987இல் அவர் காலமானார். அவருடைய முகம் விழுந்த படம் ஒன்றுகூட எங்களிடம் மிஞ்சவில்லை. மிஞ்சியது அந்தக் கை ஒன்றே. இயந்திரமோ, கையை எடுத்ததுமல்லாமல், விருந்தினர் வந்த வழியையும் வேலி போட்டு அடைத்துவிட்டது. பையனைக் குறைகூற இடமில்லை. அவன் பிறக்குமுன்னரே மாமாவும் படலையும் போய்விட்டார்களே! மூலப்படம் தொலைபேசியிற் பத்திரமாக இருந்தது. அதனைத் திறந்து நீட்டினான். அந்தக் கையை மட்டும் பெரிதாக்கிக் காட்டும்படி பெரியம்மா கேட்டார்.

பகைமையினால் ஆளை நீக்கிய கதைகளை உலகம் நன்கறியும். மொஸ்கோ – வொல்கா கால்வாயோரம் ஸ்ராலினுக்குப் பக்கத்தில் நின்ற யெசோவ், 1940இல் கொல்லப்பட்டபின் படத்திலிருந்தும் மறைந்தார். அவர் நின்ற இடத்தில் கால்வாய்த் தண்ணீர் ஓடுகிறது. ஆனால் அழகுக்காக நீக்குவது அதைவிட நுட்பமான சங்கதி. 1970 மே 4ஆம் நாள் அமெரிக்காவின் கென்ற் பல்கலைக்கழகத்தில், சுடப்பட்டு விழுந்த மாணவனருகே ஒரு பெண் கதறும் காட்சியை ஜோன் ஃபைலோ படம் பிடித்தார். அவள் தலைக்குமேல் வேலிக் கம்பம் ஒன்று நிற்கும். பின்னாளில் யாரோ அக்கம்பத்தை நீக்கிவிட, 1995இல் ‘லைஃப்’ சஞ்சிகையில் கம்பமில்லாத படமே வெளிவந்தது. ஒரு கம்பம் போனால் என்ன என்று கேட்கலாம். பார்த்த பலரும் கேட்டது வேறு: இதில் இன்னும் எது மாற்றப்பட்டிருக்கிறது?

மாணவர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சுவரிற் தொங்கும் நாட்காட்டியை ஒரு செம்பு பாதி மறைக்குமாறு வைத்துப் படம் பிடியுங்கள். படத்திலுள்ள செம்பை அழிப்பானால் நீக்குங்கள். பின்னர் உண்மைச் செம்பை அகற்றிவிட்டு, அதேயிடத்தில் நின்று இன்னொரு படம் பிடித்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். இயந்திரம் எழுதிய திகதிகளைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

திருத்திய படத்தைத் தனிப் பிரதியாகச் சேமித்து, திருத்தியது என்று குறித்துவையுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். வீட்டிலுள்ள முதியவரிடம் பழம் படங்களைக் காட்டி, நடுவில் இருப்போரை மட்டுமன்றி ஓரத்தில் பாதியாய் நிற்போரையும் யாரென்று கேட்டு, படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதிவையுங்கள். பேனாவென்றால் மை மறுபக்கம் ஊறிவிடும்.