எட்டிப் பார்க்காதீங்க!

போன ஞாயிறு அம்மா அரிவாள்மணையில் உள்ளங்கையைக் கிழிச்சுக்கிட்டாங்க. இதயத்துக்காக தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுறவங்க. ரத்தம் லேசில் நிற்காது. "காப்பித்தூள் எடுடா"ன்னாங்க. "வேணாம்மா, அழுக்குதான் உள்ளே போகும்"னு சொல்லிட்டு, துவைத்த துண்டை காயத்தின் மேல் வைத்து அழுத்தினேன்.

ஆனா நம்ம கை சும்மா இருந்தால்தானே? நின்னுடுச்சான்னு நிமிஷத்துக்கு ஒருமுறை துண்டை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மறுபடி குபுகுபுன்னு ரத்தம். உறைய ஆரம்பித்ததை நானே பிய்த்துக் கொண்டிருந்தேன்! அப்புறம்தான் புத்தி வந்தது. நனைந்த துண்டை எடுக்காமல் மேலேயே இன்னொன்றை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து முழுசா 10 நிமிஷம் விடாமல் அழுத்தினேன். நின்றது. ஆஸ்பத்திரியில் 4 தையல்.

நிற்கலைன்னா? அழுத்தின கையை எடுக்காமலே, பக்கத்தில் இருப்பவரை 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்க மக்களே.

அம்மா இப்போ நலம். அரிவாள்மணை என் வசம்.