ஜூன் வெயிலில் ஒரு குளிர்கால வேலை

டெல்லி கரோல் பாக்கில் மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடைகள் அடைத்து நிற்கும் சந்துகள், ஜூன் மாதத்தில் லடாக் கிளம்புகிறவர்களால் நிரம்பியிருக்கும். வெயில் 40 டிகிரியைத் தாண்டிய ஒரு பிற்பகலில், ஹிமாலயன் வண்டி ஒன்றுக்குச் சூடேறும் கிரிப் மாட்டுவதை அங்கே ஒரு பட்டறையில் உட்கார்ந்து பார்த்தேன். ரப்பருக்குள் மின்கம்பி ஓடும் கைப்பிடி அது. லடாக் வழியில் 5,328 மீட்டர் உயரத்திலிருக்கும் தங்லங் லா கணவாயில் ஜூன் காலையிலும் விரல் மரத்துப்போகும். மரத்த விரலுக்கு பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. இதை சொகுசுப் பொருள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

பழைய கிரிப்பைப் பட்டறைப் பையன் பிளேடால் கீறி உரித்தான். ஹேண்டில்பாரின் விட்டம் 22 மில்லிமீட்டர். வலப்பக்கம் அதன்மேல் ஆக்சிலேட்டர் குழல் சுழல்வதால் அந்தக் கிரிப்பின் துளை சற்றுப் பெரிது. குழலில் துருத்தி நிற்கும் பிளாஸ்டிக் வரிகளை உஸ்தாத், அதாவது பட்டறையின் மூத்த மெக்கானிக், அரத்தால் ராவினார், உப்புத்தாள் போட்டார், பசையில்லாமல் நுழைத்துப் பார்த்தார், மறுபடி ராவினார். தட்டி ஏற்றினால் உள்ளிருக்கும் கம்பி அறுந்துவிடுமாம். பசை தடவியபின் யோசிக்க நேரமில்லை; வெயிலில் எப்பாக்சி சீக்கிரம் இறுகிவிடும். அதனால் ஒயர் எந்தக் கோணத்தில் வெளியே வரவேண்டும் என்று முன்பே பேனாவால் குறித்து வைத்திருந்தார்.

அந்தக் கோணத்தில்தான் வேலையின் உயிர் இருக்கிறது. ஆக்சிலேட்டரை முறுக்கும்போதெல்லாம் ஒயரும் கூடவே திரும்பும். நீளம் போதாவிட்டால் இழுபட்டு இழுபட்டு உள்ளுக்குள் அறும்; மிஞ்சினால் பிரேக் லீவரில் மாட்டும். கிரிப்பின் விளிம்பு சுவிட்சுப் பெட்டியை உரசினாலோ, கையை விட்ட பிறகும் ஆக்சிலேட்டர் திரும்பி வராது. மலைப்பாதையின் கொண்டையூசி வளைவில் அது உயிர் போகிற விஷயம். ஆகவே நடுவே மெல்லிய இடைவெளி விட்டு ஒட்டினார். ஹேண்டில்பாரை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் ஒடித்து, இரு பக்கமும் ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டார். ‘டக்’கென்று திரும்பும் ஓசையைக் காது கொடுத்துக் கேட்டார்.

கரண்ட் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வருகிறது. சாவி போட்டால் மட்டும் வேலை செய்யும் ரிலே ஒன்று நடுவில். முழுச் சூட்டில் 3, 4 ஆம்பியர் இழுக்கும் பொருள். அந்த ரிலே இல்லாமல் அணைக்கவும் மறந்தால் விடிவதற்குள் பேட்டரி படுத்துவிடும். இந்த வெயிலில் கிரிப் சூடாவது கைக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பதிலுக்கு மல்ட்டிமீட்டரை எடுத்தார். ஆக்சிலேட்டரை மெல்ல முறுக்கிக்கொண்டே எண்ணைக் கவனித்தார். எண் துள்ளினால் ஒயரில் எங்கோ முறிவு என்று அர்த்தம். தான் ஒருநாளும் பிடித்து ஓட்டப்போகாத கைப்பிடிக்கு இத்தனை கவனம். அந்தக் கவனத்துக்கு எந்த ரசீதிலும் தனி வரி கிடையாது. இருந்தாக வேண்டும் என்றே நினைக்கிறேன்.

வண்டிக்காரர் அன்று மாலையே புறப்பட அவசரப்பட்டார். பசை ஒரு ராத்திரி காயட்டும் என்று உஸ்தாத் சாவியைக் கொடுக்கவில்லை. கூலியையும் காலையில் தந்தால் போதும் என்றுவிட்டார். மணாலியில் வண்டியை நிறுத்தி இரு கிரிப்பையும் பலமாக முறுக்கிப் பார்க்கச் சொன்னார். கொஞ்சம் நழுவினாலும் அங்கேயே பட்டறை தேடிச் சரிசெய்யாமல் மேலே ஏறக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னார்.