குடலைக் கழுவிய பிறகு

காலை ஏழரை மணி. எண்டோஸ்கோபி பிரிவின் வாசலில் பெஞ்சு நிறைந்திருக்கிறது. வருகிற ஒவ்வொருவரிடமும் சிஸ்டர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்: "கடைசியா போனப்ப தெளிவா இருந்துச்சா, கலங்கலா இருந்துச்சா?"

"மஞ்சத் தண்ணியாத்தான் போகுதும்மா" என்கிறார் அறுபதை நெருங்கும் ஒருவர். பேதி மருந்துப் பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடித்த களைப்பு முகத்தில் தெரிகிறது. அவர் மனைவிக்கு வேறு கவலை. "வயித்துல இருக்கற நல்ல கிருமியும் இதோட சேர்ந்து போயிடுமாமே சிஸ்டர்?"

நான் அங்கே போனதும் இதே கேள்வியோடுதான்.

அந்தப் பொடியில் பெரும்பங்கு பாலிஎத்திலீன் கிளைக்கால். குடல் அதை உறிஞ்சுவதில்லை. கிருமிகளும் அதைப் புளிக்க வைப்பதில்லை. தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு அப்படியே வெளியேறிவிடும். முன்பு மேனிடால் என்ற சர்க்கரைப் பொருளைக் கொடுத்தார்கள். பெருங்குடல் கிருமிகள் அதைத் தின்று ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கின. குடல் சுவரில் முளைக்கும் பாலிப் என்ற சதைமொட்டை மின்கம்பியால் வெட்டும்போது அந்த வாயு வெடித்து நோயாளி இறந்ததை 1979-இல் பிரான்ஸ் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூட்டத்தின் பலம் அவ்வளவு. நம் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-இல் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவன ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை இருப்பது பெருங்குடலில்தான்.

அந்த நோயாளியின் சம்மதத்தோடு, கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபி சோதனையை உள்ளே நின்று பார்த்தேன். திரையில் இளஞ்சிவப்புச் சுவர் ஈரத்தில் மின்னுகிறது. எதுவுமே மிச்சமில்லை என்றுதான் தோன்றும். டாக்டர் குழாயை மெல்ல நகர்த்திப் பெருங்குடலின் தொடக்கமுனைக்குப் போய் நிறுத்துகிறார். "அந்தப் பிறை மாதிரி தெரியுது பாருங்க, அதான் அப்பெண்டிக்ஸ் வாய்."

என்னால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. பேதியில் குடல் காலியாகும்போது நல்ல பாக்டீரியாக்களுக்கு இந்தக் குடல்வால் விதைநெல் வைக்கும் குதிராக இருக்கலாம் என்று 2007-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். அது இன்னும் கருதுகோள்தான். ஆனால் சுவரில் ஒட்டிய சளிப்படலத்திலும் நுண்குழிகளிலும் கிருமிகள் தங்கியிருப்பதில் ஐயமில்லை.

எவ்வளவு போகிறது, எவ்வளவு திரும்புகிறது? ஹெல்சிங்கி, நாட்டிங்ஹாம் ஆய்வாளர்கள் 23 ஆரோக்கியமானவர்களின் குடலைக் கழுவிப் பார்த்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். கிருமிகளின் மொத்த அளவு 31 மடங்கு குறைந்திருந்தது. ஆளுக்கு ஆள் மாறும் கிருமிக் கலவையின் அடையாளமே ஐந்தில் ஒருவருக்கு மேல் கலைந்துபோயிருந்தது. பதினான்கு நாளில் ஏறக்குறைய எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. அதைவிட முக்கியமாக எனக்குப் பட்டது இன்னொன்று: இரண்டு லிட்டரையும் ஒரே மூச்சில் குடித்தவர்களுக்குப் பாதிப்பு அதிகம், பாதி பாதியாகக் குடித்தவர்களுக்குக் குறைவு. ஆக, கிருமிகளைக் கலைப்பது பெரும்பாலும் குழாயல்ல, அதற்கு முந்தைய கழுவல். அந்தக் கழுவலைக் கொஞ்சம் மென்மையாக்கவும் வழி இருக்கிறது.

குழாயை வெளியே இழுத்துக்கொண்டே டாக்டர் மதிப்பெண் சொல்கிறார்: "ரெண்டு, மூணு, மூணு." குடலின் மூன்று பகுதிகளும் எவ்வளவு சுத்தம் என்பதற்கான பாஸ்டன் அளவுகோல் அது, முழு மதிப்பெண் ஒன்பது. நடுவில் ஒரு சிறு பாலிப் தென்பட, அங்கேயே கண்ணிபோட்டு எடுத்துவிட்டார். விட்டிருந்தால் வருடங்கள் கழித்து அது புற்றாக மாறியிருக்கவும் கூடும். இரண்டு வாரக் கிருமிக் குழப்பத்துக்குப் பயந்து இந்தச் சோதனையைத் தள்ளிப்போடுவது பெருந்தவறு என்பதே என் உறுதியான எண்ணம்.

வெளியே வந்ததும் அந்த அம்மா, "மாத்திரை ஏதாச்சும் வாங்கணுமா டாக்டர், நல்ல கிருமிக்கு?" என்று கேட்டார்.

"தனியா எதுவும் வேணாம்மா. இன்னைக்கு லேசா குடுங்க. நாளையிலேர்ந்து வழக்கமான சாப்பாடு; கீரை, காய், பயறு, மோர் எல்லாம் இருக்கட்டும். தேவையில்லாம ஆன்டிபயாடிக் மட்டும் போட்டுடாதீங்க."

இரண்டு லிட்டரையும் முந்தின இரவே குடித்து முடிக்கச் சொல்லும் இடங்களும் உண்டு. அங்கே, பிரித்துக் குடிக்கலாமா என்று நாமே கேட்க வேண்டும். இங்கே சிஸ்டர் மறுநாள் நோயாளியிடம் சீட்டைக் கொடுத்து விளக்கிக்கொண்டிருந்தார்: "ஒம்பது மணிக்கு டெஸ்ட். ராத்திரி ஒரு லிட்டர், விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சு இன்னொரு லிட்டர். ஆறு மணிக்கு மேல பச்சத் தண்ணிகூட வேணாம்ணே."