மாத்திரை எடுத்துக் கொடுக்கிறது யாரு?

உலகமயமாக்கல்னு சொன்னதும் உங்களுக்குக் கப்பல், கன்டெய்னர், ஐடி கம்பெனி ஞாபகம் வரலாம். எனக்கு வயசானவங்களோட மாத்திரை டப்பாதான் ஞாபகம் வரும்.

சர்க்கரை, பிபிக்கு வர்ற முதியவங்ககிட்ட தவறாம ஒண்ணு கேட்பேன்: "வீட்டுல மாத்திரை எடுத்துக் கொடுக்கிறது யாரு?" இப்ப அடிக்கடி கிடைக்கிற பதில், "வீட்டோட ஒரு அக்கா இருக்காங்க டாக்டர்." மகள் பிரிட்டன்ல முதியோர் இல்லத்துல வேலை பாக்குறாங்க. அங்க வேற யாரோ ஒருத்தரோட அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கிறாங்க. இங்க இவங்க அம்மாவுக்குக் கொடுக்கிற அக்கா, தன் பிள்ளைகளைக் கிராமத்துல மாமியார்கிட்ட விட்டுட்டு வந்தவங்க. அந்த மாமியாருக்கும் சர்க்கரை இருக்கும். அவங்களுக்கு எடுத்துக் கொடுக்க ஆள் கிடையாது.

சமூகவியல்ல இதுக்குப் பேரே இருக்கு. ஆர்லி ஹோக்‌ஷில்ட் 2000-ல் இதை 'உலகப் பராமரிப்புச் சங்கிலி'ன்னு சொன்னாங்க. ரோம்லயும் லாஸ் ஏஞ்சலஸ்லயும் வீட்டுவேலை பாத்த பிலிப்பைன்ஸ் பெண்களைப் பத்தி ரேசல் பரேனியாஸ் செஞ்ச ஆய்வுதான் அதுக்கு அடிப்படை. சங்கிலி கீழே இறங்க இறங்கக் கூலி குறையும். கடைசிக் கண்ணிக்குக் கூலியே இருக்காது.

பொருளாதாரம் இதுல பாதியைத்தான் காட்டும். 2022-ல் வெளிநாட்டுல இருந்து இந்தியாவுக்கு வந்த பணம் 10,000 கோடி டாலருக்கும் மேல். அதை லேசா நினைக்காதீங்க, வீட்டுக்கடன் அடைச்சது, தம்பியைப் படிக்க வெச்சது, என் ஃபீஸ் கட்டுறது எல்லாம் அந்தப் பணம்தான். ஆனா பணத்துக்கு பேங்க்ல கணக்கு இருக்கு. கிராமத்து மாமியார் செய்யுற வேலைக்கு எந்தக் கணக்கும் இல்ல.

யார் யாரோட இருக்கலாம்னு அரசு வேற முடிவு பண்ணுது. பராமரிப்பு வேலைக்குப் புதுசா வர்றவங்க குடும்பத்தைக் கூட்டிட்டு வரக்கூடாதுன்னு 2024 மார்ச்ல பிரிட்டன் விதி கொண்டுவந்துச்சு. உழைப்பு வேணும், பிள்ளை வேண்டாம்!

நம்ம ஊர்ல திட்டு மட்டும் மகளுக்கு. "பெத்தவளை விட்டுட்டுப் போயிட்டா"ன்னு கிளினிக் பெஞ்சுலயே பேசுவாங்க. மகன் பக்கத்துத் தெருவுல இருப்பார். அவர்கிட்ட யாரும் மாத்திரையைப் பத்திக் கேட்கிறதில்ல (நானும் வேணும்னே கேட்பேன், முழிப்பார்).

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு அக்கா இருந்தா, வாரத்துல ஒரு நாள் லீவு கொடுங்க. அடுத்த தடவை அம்மாவைக் கூட்டிட்டு வரும்போது அவங்களுக்கும் பிபி, சர்க்கரை பாத்துடலாம். அஞ்சு நிமிஷம்தான் ஆகும்.