பார் என்றால் எந்தப் பார்?

"பாரைப் பிடி" என்றார் பெரியவர். பிடித்தேன். நான் பிடித்தது சீட்டுக்குக் கீழிருந்து ஹேண்டிலுக்குப் போகும் குறுக்குக் கம்பியை. அவர் சற்று நேரம் என் கையையே பார்த்தார். பிறகு ஹேண்டிலைத் தட்டிக் காட்டி, "இதுதான் பார்" என்றார்.

எங்கள் ஊரில் பார் என்றால் ஒன்றுதான்: ஜென்ட்ஸ் சைக்கிளின் குறுக்குக் கம்பி. கால் எட்டாத வயதில் அதற்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடிப்போம். அதன்மேல் துண்டைச் சுற்றிப் பிள்ளையை உட்கார வைப்பார்கள். ஓக்லாண்டில் எல்லாம் தலைகீழ். ஹேண்டில்தான் பார், நம் பாருக்கு டாப் டியூப் என்று பெயர். என் காது இதற்குப் பழக ஒரு மாதம் ஆனது.

கணவரின் வேலைக்காகக் கலிஃபோர்னியா வந்தவள் நான். என்னுடைய விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. வீட்டிலேயே சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல், தன்னார்வலர்கள் நடத்தும் ஒரு சைக்கிள் பட்டறையில் போய் நின்றேன். ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று கொடுத்துவிட்டுப் போகும் சைக்கிள்களைப் பழுதுபார்த்து, தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுக்கும் இடம். பஞ்சர் ஒட்டவும் வீல் கோட்டம் எடுக்கவும் ஓரளவு தெரியும் என்று சொன்னேன். பெரியவர் பக்கம் கைகாட்டிவிட்டார்கள். எழுபதைத் தாண்டியவர். பியானோவுக்குச் சுதி சேர்க்கும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். எனக்கு வாய் வரவில்லை. 'சார்' என்றால் அவருக்குப் பிடிக்காது. கடைசிவரை அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமல், எதிரில் போய் நின்று பேசியே சமாளித்தேன்.

அவர் தனியாக ஒதுக்கி வைத்துச் செய்வது ஒரே ஒரு வேலை. 1980-களிலும் 90-களின் தொடக்கத்திலும் வந்த பழைய மவுண்டன் பைக்குகளின் நேர்க்கம்பி ஹேண்டிலைக் கழற்றிவிட்டு, வேறு வடிவ ஹேண்டில் மாட்டி, ஊருக்குள் ஓட்டத் தோதாக்குவது.

பழைய மவுண்டன் பைக் அந்தப் பகுதிக்குச் சொந்தப் பிள்ளை. வளைகுடாவுக்கு அந்தக் கரையில், தமால்பைஸ் மலைக்குப் பக்கத்தில், 1976-ல் சில இளைஞர்கள் கனமான பழைய சைக்கிள்களில் மண்பாதையில் இறங்கிப் பந்தயம் விட்டார்கள். பந்தயத்தின் பெயர் ரீபேக். இறங்கி முடிப்பதற்குள் பின் சக்கர ஹப்பில் இருக்கும் பிரேக் சூடேறி, உள்ளேயிருக்கும் கிரீஸ் புகைந்துவிடும். ஒவ்வொரு முறையும் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும், அதனால் அந்தப் பெயர். ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், டாம் ரிச்சி என்று அந்தக் கூட்டத்தோடு தொடர்பிருந்தவர்களின் கைவேலையிலிருந்து ஒரு தொழிலே கிளம்பியது. 1981-ல் ஸ்டம்ப்ஜம்பர் என்ற மாடல் வந்து, மவுண்டன் பைக் கடையில் போய் வாங்கும் சாமானாகிவிட்டது. இப்போது மலையில் ஓட்டுகிறவர்களுக்கு 29 அங்குலச் சக்கரம் வேண்டும், ஷாக் அப்சார்பர் வேண்டும், டிஸ்க் பிரேக் வேண்டும். 26 அங்குலச் சக்கரமும் குரோமோலி எஃகு ஃபிரேமும் கொண்ட பழசுகள் கராஜ்களிலிருந்து வரிசையாக எங்களிடம் வந்தன. ஃபிரேமுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தடித்த டயர் போகும், மட்கார்டு, கேரியர் மாட்டத் திருகுத்துளைகூட இருக்கும். ஹேண்டில்தான் ஆகாது. பந்தயக்காரன் மாதிரிக் குனிந்து ஓட்டுவதற்கென்று செய்த குட்டையான நேர்க்கம்பி. அரைமணி ஓட்டினால் மணிக்கட்டு கடுக்கும்.

ஏன் கடுக்கிறது என்பதே முதல் பாடம். என் இரண்டு கையிலும் ஒவ்வொரு ஸ்பானரைக் கொடுத்துக் கண்ணை மூடச் சொன்னார். "கையை முன்னால் நீட்டு. எதையும் யோசிக்காதே. இப்போது கண்ணைத் திற." ஸ்பானர்கள் ஒரே கோட்டில் நிற்கவில்லை. ஓட்டுவீட்டுக் கூரைபோல இரண்டு பக்கமும் சரிந்து நின்றன. கை தானாக நிற்கும் கோணம் அது. நேர்க்கம்பியைப் பிடிக்கும்போது அதை முறுக்கி நேராக்குகிறோம். ஆரிகனில் ஜெஃப் ஜோன்ஸ் என்பவர் வடிவமைத்த ஹேண்டில் 45 டிகிரி பின்னால் சாய்ந்திருப்பதைப் பிறகு பார்த்தபோது, இவரும் யாரையாவது கண்ணை மூடச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கோ அப்போது வேறு ஆசை. பட்டறைச் சுவரில் 1990-ல் எடுத்த ஒரு படம் ஒட்டியிருந்தது. பந்தய வீரர் ஜான் டோமாக் மவுண்டன் பைக்கில் ரோடு ரேஸ் வண்டியின் ஹேண்டிலை மாட்டிக்கொண்டு பறக்கிறார், ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்த டிராப் பார். 1987-ல் பிரிட்ஜ்ஸ்டோன் கம்பெனி தன் எம்பி-1 மாடலையே டிராப் பாரோடு விற்றிருக்கிறது. அதுபோல ஒன்று செய்ய வேண்டும் என்றேன். பெரியவர் "செய்" என்றார். அந்த ஒற்றைச் சொல்லில் எவ்வளவு குறும்பு இருந்தது என்பது மூன்று சனிக்கிழமை கழித்துத்தான் விளங்கியது.

ஸ்டிக்கரெல்லாம் உரிந்து பெயரே தெரியாத ஒரு ஃபிரேமை எடுத்தேன். பெட்டியைக் கிளறி ஒரு டிராப் பாரை உருவினேன். ஹேண்டிலைத் தாங்கும் ஸ்டெம் பழைய காலத்துத் துண்டு, முன்மூடி கழலாது. ஒரு முனையிலிருந்து ஹேண்டிலை நுழைத்து, வளைவு வளைவாகத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். முதல் வளைவிலேயே சிக்கியது. அதற்கு ஒரு உபாயம் சொன்னார். ஸ்டெம்மின் வாயை இறுக்கும் போல்ட்டைக் கழற்றி, மரையுள்ள பக்கத்திலிருந்து திருப்பிப் போட்டு, வாயின் பிளவுக்குள் ஒரு நாணயத்தைச் சொருகி இறுக்கினால், போல்ட் நாணயத்தை முட்டும், வாய் ஒரு மயிரிழை விரியும். என் பர்ஸின் அடியில் கிடந்த ஒரு ரூபாய் அதற்கு உதவியது. வெகுநாள் கழித்து அதற்கு ஒரு செலவு.

அப்படியும் போகவில்லை. நான் பலத்தைக் காட்டப் போனபோது அவர் நிறுத்தி, மேஜையிலிருந்து ஒரு வெர்னியர் காலிப்பரை எடுத்து நீட்டினார். பிளஸ் டூ பிசிக்ஸ் பிராக்டிகலோடு அந்தச் சனியன் என்னை விட்டது என்று நினைத்திருந்தேன். அளந்தேன். ஸ்டெம்மின் வாய் 25.4 மில்லிமீட்டர், மவுண்டன் பைக் அளவு. பாரின் நடுப்பகுதி 26.0, ரோடு சைக்கிள் அளவு. வித்தியாசம் அரை மில்லிக்குக் கொஞ்சம் மேல். "விரித்தால் போய்விடுமே?" "போகும். பிறகு ஒருநாள் விரிந்த இடத்தில் வெடிப்பு விடும், நீ சரிவில் இறங்கிக்கொண்டிருக்கும்போது." 25.4 நடு உள்ள வேறு டிராப் பாரைத் தேடி எடுத்தேன்.

அடுத்தது கை பிடிக்கும் பகுதி. மவுண்டன் பைக் ஹேண்டிலில் அது 22.2 மில்லிமீட்டர். டிராப் பாரில் 23.8. ஆக, பழைய வண்டியின் பிரேக் லீவரும் கியர் லீவரும் இதில் ஏறாது. ரோடு லீவர் போட்டேன். முன்னால் வைத்திருந்த யாரோ அந்த வண்டிக்கு வி-பிரேக் மாட்டியிருந்தார்கள். 1996-க்குப் பிறகு பரவிய வகை. அது பிடிக்க ஒயரை நீளமாக இழுக்க வேண்டும், ரோடு லீவர் இழுப்பதோ கொஞ்சம்தான். லீவர் பாரில் முட்டியும் பிரேக் கட்டை ரிம்மைச் சும்மா தடவிக்கொடுத்தது. வி-பிரேக்குக்கென்றே செய்த டிராப் லீவர் உண்டு என்று அவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். முன்பே சொல்லியிருக்கலாமே என்று கோபம் வந்தது. கேட்கவில்லை.

எல்லாம் முடிந்து ஏறி உட்கார்ந்தேன். கை எட்டவில்லை. எட்டியது, ஆனால் துணி காயப்போடுகிறவள் மாதிரி உடம்பு மொத்தமும் இழுபட்டது. பழைய மவுண்டன் பைக்குகளில் நம் 'பார்' நீளம், ஸ்டெம்மும் 12, 13 சென்டிமீட்டர் நீளம். நேர்க்கம்பியைப் பிடிப்பதற்காக வைத்த கணக்கு. டிராப் பார் அங்கிருந்து இன்னும் முன்னால் போய்த்தான் வளைகிறது. குட்டையாக, உயரமாக ஒரு ஸ்டெம் போட்டிருக்க வேண்டும், அல்லது ஓர் அளவு சின்ன ஃபிரேமில் தொடங்கியிருக்க வேண்டும். நான் ஹேண்டிலில் தொடங்கி உடம்புக்கு வந்தேன். அவர் ஸ்பானரைக் கையில் கொடுத்து, கையிலிருந்து தொடங்கச் சொல்லியிருந்தார்.

அந்த டிராப் பாரை நானே கழற்றினேன். கழற்ற நாற்பது நிமிடம் ஆனது.

இரண்டாவது வண்டி ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்யும் பெண்ணுக்கு. அதற்கு, பின்னோக்கி நன்றாக வளைந்து வரும் ஆல்பட்ராஸ் ஹேண்டில் என்று முடிவானது. ஜப்பானில் நிட்டோ செய்வது. எம்பி-1 காலத்தில் பிரிட்ஜ்ஸ்டோனில் இருந்த கிராண்ட் பீட்டர்சன், அந்த அமெரிக்கக் கிளை மூடிய 1994-ல் ரிவெண்டெல் என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார். அவர்கள் பரப்பிய ஹேண்டில் இது. கம்பெனி இருக்கும் வால்நட் கிரீக் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரிதான். ஹேண்டிலைக் கையில் வாங்கியதும் சிரிப்பு வந்தது. நம்மூர்ப் பால்காரர் சைக்கிளின் ஹேண்டிலுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

இதில் கை பிடிக்கும் பகுதி 22.2 தான், பழைய லீவர்கள் அப்படியே ஏறின. இது கையைப் பின்னுக்குக் கொண்டுவருவதால், முந்தைய வண்டியில் என்னைப் படுத்தியது மாதிரியே நீளமான ஸ்டெம் இங்கே சரியாக உட்கார்ந்தது. கொஞ்சம் உயர்த்தினால் போதும். ஆனால் ஸ்டெம் அசையவில்லை. அலுமினிய ஸ்டெம் எஃகுக் குழாய்க்குள் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தால் இரண்டும் பூத்து ஒட்டிக்கொள்ளும். போல்ட்டை முழுக்கக் கழற்றக் கூடாது. இரண்டு சுற்று தளர்த்தி, அதன் தலையில் மரச் சுத்தியலால் ஒரு போடு போட வேண்டும், அடியில் இருக்கும் ஆப்பு விடும். எண்ணெய் விட்டு ஒரு வாரம் காத்திருந்து, அப்புறம் விட்டது. உயர்த்தும்போது குழாயில் பொறித்த கோடு வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் உள்ளே பிடிமானம் போதாது.

உயர்த்தி இறுக்கிவிட்டுப் பெருமையோடு சக்கரத்தைச் சுற்றினேன். சுற்றவில்லை. முன் பிரேக் ரிம்மைக் கவ்விக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து கேண்டிலீவர் பிரேக்கில் முன் ஒயர் ஸ்டெம் வழியாகவே இறங்கும். ஸ்டெம்மை ஒரு விரற்கடை உயர்த்தினால் பிரேக்கை ஒரு விரற்கடை இழுத்த மாதிரி. பெரியவர் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை விழுங்கியது தெரிந்தது. புது ஒயர், அதை மூடும் புது அவுட்டர். வெட்டும்போது மேஜைமேல் கிடந்ததை எடுத்துவிட்டேன். ஸ்டாண்டில் வைத்துப் பலமாக லீவரை அழுத்தினேன், 'படக்'கென்று அவுட்டர் பக்கவாட்டில் பிளந்தது.

அவர் திட்டவில்லை. பிளந்த துண்டையும் இன்னொரு துண்டையும் உரித்து அருகருகே வைத்தார். ஒன்றில் எஃகுக் கம்பி ஸ்பிரிங் போலச் சுருண்டிருந்தது: பிரேக்குக்கு. மற்றதில் கம்பிகள் துடைப்பக் குச்சிகள் மாதிரி நீளவாக்கில் நின்றன, பிளாஸ்டிக் மட்டுமே அவற்றைச் சேர்த்துப் பிடித்திருந்தது. அது கியருக்கு. பிரேக்கின் அழுத்தத்தைத் தாங்காது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்பு. அன்றிலிருந்து முனையைப் பார்க்காமல் நான் அவுட்டரைத் தொடுவதில்லை. முன் பிரேக்கின் குறுக்கு ஒயர் டயருக்கு மேலே தொங்குகிறதே, மெயின் ஒயர் அறுந்தால் அது டயர்ப் பற்களில் விழுந்து சக்கரத்தைப் பூட்டிவிடும் என்று சொன்னதும் அன்றுதான். ரிஃப்ளெக்டர் பட்டை வெறும் அலங்காரமில்லை, அந்த ஒயரைத் தாங்கிக்கொள்ளவும் அது வேண்டும். மட்கார்டு இருந்தால் அதுவே போதும்.

கியருக்குப் பழைய கட்டைவிரல் லீவரையே விட்டார். அதைக் 'கிளிக்' இல்லாத நிலைக்குத் திருப்பி வைத்தார். செயின் பல்லில் சரியாக உட்கார்ந்ததா என்பதைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். பியானோக்காரருக்கு அது விளையாட்டு. கண்ணை மூடிக்கொண்டு "இன்னும் கொஞ்சம்... போதும்" என்பார். எனக்குக் கடகடவென்றுதான் கேட்டது, ரொம்ப நாள்.

கடைசி வேலை எனக்குப் பிடித்தது. ஹேண்டிலில் பருத்தி டேப்பைச் சுற்றி, முனையை நூலால் கட்டி, அதன்மேல் ஷெல்லாக் பூசுவது. ஜாடியில் தேன் நிறத் தகடுகளாக இருந்ததை ஆல்கஹாலில் கரைத்து வைத்திருந்தார். மூடியைத் திறந்ததும் மூக்கு சொல்லிவிட்டது: பிரெஞ்சு பாலிஷ் போடும் தச்சர் வீட்டு வாசம். "எங்கிருந்து வருகிறது தெரியுமா?" என்று கேட்டார். "பூச்சியிலிருந்து. எங்கள் நாட்டிலிருந்து" என்றேன். அரக்கு. பஞ்ச பாண்டவரைக் கொளுத்த மாளிகையே இதில் கட்டினார்கள் என்று அவருக்குச் சொல்ல ஆரம்பித்து, குந்தியில் தொடங்கி எங்கெங்கோ போய், முதல் பூச்சு காய்ந்துவிட்டது. இரண்டாவதை அவர் என் கையில் கொடுத்தார். அந்தப் பட்டறையில் எனக்குத் தெரிந்து அவருக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னது அன்றைக்கு மட்டும்தான்.

அன்று இரவு, இங்கே வெள்ளி, ஊரில் சனி காலை, அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். அம்மா சைக்கிள் கற்றது 1992-ல், புதுக்கோட்டையில், அறிவொளி இயக்கத்தின்போது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் மாவட்டத்துப் பெண்களை சைக்கிள் ஏற வைத்த சமயம். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே கற்றார்கள். சிலருக்கு அதுவே பிடித்தும் போனது, பாரில் பிள்ளையை வைத்துக்கொள்ளலாம் என்று. அப்படி வைத்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி.

போனை வண்டியின் மேல் மெதுவாக ஓட்டிக் காட்டினேன். ஹேண்டில், டேப், நூல்கட்டு, உயர்த்திய ஸ்டெம், புது ஒயர். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"எல்லாம் சரிம்மா. பாரு என்ன இப்படிச் சரிஞ்சு கெடக்கு? புள்ளைய வச்சா வழுக்காதா?"