தரங்கம்பாடியில் குடித்தனம்

புதுச்சேரியில் குடியிருப்பவர்களுக்கு வாரத்தில் ஐந்து நாள்தான் சொந்தம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை வண்டிகள் வரிசை கட்ட ஆரம்பித்தால், ஞாயிறு இரவு வரை ஊர் வந்தவர்களுடையது. ஆட்டோ கிடைக்காது. நேரு வீதியில் காலை வைக்க இடமிருக்காது. நாங்கள் இருந்தது மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியுமாக இருக்கும் பழைய தெரு. கோலத்தை முடித்து நிமிர்ந்தால் எதிரே யாராவது கேமராவோடு நிற்பார்கள். "ஒரு நிமிஷம் தள்ளிக்கிறீங்களா மேடம்?" என்று என் வாசற்படியிலேயே நின்று என்னைக் கேட்ட பெண் உண்டு. மரியாதையாகத்தான் கேட்டாள்.

வருகிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. குழந்தை குட்டிகளோடு ஒருநாள் கடலைப் பார்த்துவிட்டுப் போக வருகிறவர்களை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக ஊரின் முகமே அவர்கள் பக்கம் திரும்பிவிட்டது. தையல்காரர் இருந்த இடத்தில் காபி கடை வந்தது. மளிகைக் கடை இருந்த இடத்தில் வாடகை ஸ்கூட்டர்கள் நின்றன. கடைசியில் நாங்கள் இருந்த வீட்டையும் தங்கும் விடுதியாக்கப் போவதாக வீட்டுக்காரர் சொன்னார். எங்களுடைய மாத வாடகையை அவர் சில இரவுகளில் எடுத்துவிடலாம் என்கிற நிலை வந்த பிறகு, நாங்கள் என்ன பேசி என்ன ஆகப் போகிறது?

கடற்கரைச் சாலையை விட்டு வருவதுதான் கஷ்டமாக இருந்தது. மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே வண்டி விடமாட்டார்கள், நடக்கலாம். ஆனால் பெரும்பகுதி தூரத்துக்குக் கடலுக்கும் நமக்கும் நடுவில் பாறாங்கற்கள்தான். 1980களில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். தெற்கேயிருந்து வடக்கே நகர்ந்து வரும் மணல் அங்கேயே தங்கிவிட, ஊருக்கு முன்னாலிருந்த மணல்வெளி கரைந்துபோயிற்று. பிறகு கல்லைக் கொட்டிக் கொட்டி ஊரைக் காப்பாற்றினார்கள். தலைமைச் செயலகம் பக்கம் அண்மையில் கொஞ்சம் மணலை மீட்டிருக்கிறார்கள் என்பது சந்தோஷம்.

பொறையாரில் என் கணவருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் இருக்கிறார். அவர்தான் தரங்கம்பாடியில் வீடு பார்த்துக் கொடுத்தார். புதுச்சேரியிலிருந்து கடலூர், சிதம்பரம், சீர்காழி தாண்டி ஏறக்குறைய 120 கிலோமீட்டர். 1792இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை வாசலுக்குள் நுழைந்தால் ராஜ வீதி. தெருக்கோடியில் கடல் தெரியும். எட்டு மணிக்கெல்லாம் தெரு அடங்கிவிடும். விடியற்காலையில் முதலில் கேட்பது ஃபைபர் படகுகளின் இன்ஜின் சத்தம்.

புதுச்சேரியில் மீன் வாங்குவதென்றால் சந்தைக்குப் போய் வஞ்சிரம் என்ன விலை என்று கேட்பேன். இங்கே முதலில் கேட்க வேண்டியது காற்றை. கரையில் ஏலம் முடிந்ததும் பெண்கள் மிச்சத்தைக் கூறு கட்டி வைப்பார்கள்: கைப்பிடி நெத்திலி ஒரு கூறு, நாலு கிழங்கான் ஒரு கூறு, சின்ன சங்கராவும் காரப்பொடியும் கலந்து ஒரு கூறு. தராசு கிடையாது. வழக்கமாக நான் வாங்கும் பெண் ஒரு விரலால் செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டிவிட்டு, ஈர மணலைத் தட்டிப் பையில் போடுவாள். ஒரு கார்த்திகைக் காலையில் வெறுங்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். "வாடை அடிக்குதுக்கா, போட்டு ஒண்ணும் போகல. வூட்டுல கருவாடு இருந்தா ஓட்டிக்குங்க" என்றாள். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அப்போதும் கரையின் கணக்கே வேறு. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லித்தான் பேசுகிறார்கள். சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்பது இங்கே யாருக்கும் பெரிய விஷயமில்லை. இந்த ஊர் தன் வேலையைத் தனக்காகச் செய்துகொண்டிருக்கிறது. எனக்கு இங்கே பிடித்துப்போனதற்குக் காரணம் அதுதான்.

ஆனால் இருக்க இருக்க இன்னொன்றும் தெரிய வந்தது. இந்த அமைதி எப்போதும் இருந்ததல்ல. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசரோடு உடன்படிக்கை செய்துகொண்டு கோட்டை கட்ட இடம் கொடுத்தபோது, இது மிளகு ஏற்றுகிற கப்பல்துறை ஆகவேண்டிய ஊர். 1706இல் மதபோதகர் சீகன்பால்கு வந்து இறங்கினார்; அடுத்த பத்தாண்டுக்குள் அச்சகம் நிறுவி, தமிழில் புதிய ஏற்பாட்டையே அடித்து முடித்தார்கள். அவர் காலத்துப் புதிய எருசலேம் தேவாலயம் ராஜ வீதியில் இன்றும் இருக்கிறது. எழுத்து வார்ப்பவர்களும் துபாஷிகளும் கப்பல்காரர்களுமாக இந்தத் தெரு எவ்வளவு சத்தமாக இருந்திருக்கும்! 1845இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். 1861இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் வியாபாரம் அந்தப் பக்கம் போயிற்று. மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமியில் அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த நாளைப் பற்றி இங்கே யாரும் தாமாகப் பேச்செடுப்பதில்லை, நானும் கேட்பதில்லை.

நான் தேடி வந்த அமைதி இவர்கள் இழந்தவற்றால் ஆனது. இது தெரிந்த பிறகு, சும்மா அதை அனுபவித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்கு மனம் வரவில்லை. கஷ்டங்களும் சின்னவை அல்ல. புதுச்சேரியில் ஜிப்மர் பக்கத்திலேயே இருந்தது. இங்கே ராத்திரியில் என் கணவருக்கு ரத்த அழுத்தம் ஏறியபோது, எதிர்வீட்டுக்காரர் வண்டி எடுத்துக் காரைக்காலுக்குக் கொண்டுபோனார். போகும்போதே வேறு இரண்டு வீட்டார் போன் செய்து கேட்டார்கள். அந்த அன்புக்கு ஈடில்லை. ஆனாலும் ஊர்க்காரர்கள் அன்பாக இருப்பதால் இருதய மருத்துவர் தேவையில்லை என்று ஆகிவிடுமா? பிள்ளைகள் படித்து முடித்ததும் சென்னைக்கும் திருப்பூருக்கும் போய்விடுகிறார்கள். விடுமுறையில் வந்து, "இங்க என்னத்த இருக்கு ஆன்ட்டி?" என்று கேட்கிறவர்களிடம் கடலைக் காட்ட முடியாது. அவர்கள் அதில் பிறந்தவர்கள்.

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல் ரயில் பாதை போட்டார்கள். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று நின்று நின்று வரும், சுமார் 30 கிலோமீட்டர். 1986இல் நிறுத்திவிட்டார்கள். டீக்கடை பெரியவர் அதில் கல்லூரிக்குப் போனவர். இறால் கூடை ஏறினால் பெட்டி முழுக்க எப்படி மணக்கும், திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணக் கூட்டம் எப்படி மாலையும் கழுத்துமாக ஏறும் என்று சொல்ல ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும். அந்தப் பாதையைத் திரும்பப் போட வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மனு ஒன்று கடைக்கு வந்தது. அமைதி வேண்டும் என்று வந்தவள்தான் நான்; தயங்காமல் கையெழுத்துப் போட்டேன். எதிர்வீட்டுப் பெண் மயிலாடுதுறைக் கல்லூரிக்குக் காலை பஸ்ஸில் நின்றுகொண்டேதான் போகிறாள். அவளுக்கு உட்கார ஓர் இடம் கிடைக்கட்டும்.

ரயில் வந்தால் சுற்றுலாக் கூட்டமும் அதில்தான் வரும். வாடகை ஏறும். இப்போதே கோட்டைக்குப் பக்கத்தில் மனை விசாரிக்க வெளியூர்க் கார்கள் வருகின்றன; எங்களைப் போல வந்து குடியேறுகிறவர்களும் அதற்கு ஒரு காரணம். வருகிறவர்கள் வரட்டும், இந்த ஊருக்கும் நாலு காசு வரட்டும். ஆனால் கருவாடு காயப்போடுகிற மணலும், வலை பொத்துகிற கொட்டகையும், ஏலம் நடக்கிற இடமும் யாருக்கு என்பதைப் பேரூராட்சியும் மீனவப் பஞ்சாயத்து நாட்டார்களும் உட்கார்ந்து இப்போதே எழுத்தில் முடிவுசெய்துவிட வேண்டும். விடுதிக்காரர் வந்து வேலி போட்ட பிறகு பேசிப் பயனில்லை. இதை டீக்கடையில் சொன்னேன். "நம்ம நாட்டார் கூட்டத்துல நீங்களே வந்து சொல்லுங்கம்மா, பாண்டிச்சேரியில பாத்தவங்களாச்சே" என்றார் பெரியவர். போகத்தான் போகிறேன்.