எந்த மருந்து?

பட்டாசு ஆலைகள் நிறைந்த ஆமத்தூர்ப் பக்கம் ஒருவர் 'மருந்து' என்றால், எந்த மருந்து என்று கேட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சலுக்கு விழுங்குவது மருந்து. பருத்திக்கு அடிப்பதும் மருந்து. 'மருந்தைக் குடிச்சுட்டா' என்று யாராவது அலறிக்கொண்டு ஓடிவந்தால் அது விஷம். தீபாவளி விடியலில் வாயில் போடும் லேகியம் தீபாவளி மருந்து. பட்டாசு ஆலைக்குள் போனால் மருந்து கலக்கும் அறை, மருந்து செலுத்தும் அறை, காயவைத்த மணிமருந்து.

அகராதி இவற்றை எண் போட்டுப் பிரித்து வைக்கும். எனக்கு அது போதவில்லை. தெலுங்கின் மந்தும் கன்னடத்தின் மத்தும் இதேபோல வைத்தியத்துக்கும் வெடிக்கும் பொதுவானவை. பாரசீகத்தில் மருந்தைக் குறித்த 'தாரு' மராத்தியிலும் குஜராத்தியிலும் சாராயமாகவும் வெடிமருந்தாகவும் வழங்குகிறது. குஜராத்தியில் பட்டாசுச் சரக்குக்கே 'தாருகானு' என்று பெயர். சீனர்கள் வெடிமருந்தை 'ஹுவோ யாவ்' என்பார்கள், நெருப்பு மருந்து. சாகாமல் இருக்க மருந்து தேடிய தாவோ ரசவாதிகள் கையில்தான் வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்து பற்றின. 1044-இல் தொகுத்த சீனப் போர்நூலில் செய்முறையே இருக்கிறது. வெடியுப்பும் கந்தகமும் நம் சித்த வைத்தியத்துக்கும் பழக்கமான சரக்குகள்தாம்.

எத்தனை மொழி போனாலும் இந்தச் சொல்லுக்குள் கிடப்பது அளவு என்றே நினைக்கிறேன். வெடிமருந்துக்கு வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. லேகியமானாலும் வெடியானாலும் இடித்துச் சலித்து, நிறுத்துக் கலப்பதுதான் வேலை. பக்குவம் தப்பினால் இரண்டும் கெடுதல்; ஒன்று உயிரையே கொண்டுபோகும்.

அதனால்தான் பாதுகாப்பு விதிகளின் மொழிபெயர்ப்பு இங்கே வெறும் நடை விஷயமாக இல்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தை இந்த வட்டாரம் மறக்காது. விபத்துச் செய்திகளில் 'ரசாயனக் கலவையில் உராய்வு' என்று வருகிறது. ஆங்கிலப் பாதுகாப்பு விதிகளைத் தமிழாக்குகிறவரும் அதே கையோடு 'வேதிக்கலவை' என்று எழுதிவிட்டால், நாள் முழுக்க மருந்தில் கை வைத்திருக்கும் பெண் அதைத் தனக்குச் சொன்னதாக எப்படி எடுத்துக்கொள்வாள்? 'மருந்தைத் தேய்க்காதீர்கள், சிந்தின மருந்தை மிதிக்காதீர்கள்' என்று சுவரில் எழுதுங்கள். இந்த ஊரில் யாருக்கும் அதை விளக்கவேண்டி வராது.